ஃபாரத்தில் ஆணா பெண்ணா என்று எதற்குக் கேட்கிறீர்கள்? ரத்தப் பரிசோதனை ஜன்னலில் வந்த கேள்விகள்

சேலத்தில் ஏற்காடு ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மலையேறி, காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் முகாம் போடுவோம். ஜன்னல் வழியாக ரிப்போர்ட்டை நீட்டும்போது ஜனங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே இடத்தைச் சுற்றி வரும்: அவருக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு எப்படி? அந்தக் கேள்விகளையும், இத்தனை வருடத்தில் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரையைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

பேரும் வயசும் போதாதா? ஆண், பெண் கட்டத்தை விட்டால் ரிப்போர்ட் வராதா?

வரும். ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கணவன், மனைவி இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயது. இருவருக்கும் கிரியாட்டினின் 1.2. "முப்பத்தஞ்சு வருசமா ஒரே சோறு, ஒரே தண்ணி. நம்பரும் ஒண்ணாத்தான் வரும்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்த அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது இயல்பாகவே கூடுதலாக ஊறும். ஆணுக்குச் சராசரியாகத் தசை அதிகம். அதனால் அதே 1.2, தசை குறைவான ஒரு பெண்ணின் ரத்தத்தில் இருந்தால் சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றவில்லை என்று பொருள். 2021-இல் திருத்தப்பட்ட கணக்கீட்டு முறையில் இருவரின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். அவருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் 69 வருகிறது. அந்த அம்மாவுக்கு 52. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

பழைய பாணி ரிப்போர்ட்டில் ஆண், பெண் இருவருக்கும் சேர்த்து ஒரே அளவை அச்சடித்திருப்பார்கள். அந்தத் தாளில் இந்த அம்மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட விழாது. அவர் முழங்கால் வலிக்குத் தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாத மாத்திரை அது. ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடுவதால் தெரிந்த விஷயம் இவ்வளவு.

ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்கிறார்கள். பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தானே இருக்கும்?

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரைச் சோர்விலேயே வாழப் பழக்கிவிட்டோம்.

ஆணுக்கு 13-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5-க்குக் கீழே) இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. ஒரு கிராம் வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை அதிகம் செய்ய வைக்கிறது. அதற்கு மேல், மாதவிலக்கில் சராசரியாக 30, 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. மாதாமாதம் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது, அதைச் சாப்பாட்டில்தான் திரும்பப் பிடிக்க வேண்டும்.

ஆனால் மலையில் முகாம் போட்டால் வருவது 12-ம் இல்லை, 11-ம் இல்லை. 9, 8.5 என்று வரும். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். பாதிக்கு மேல் பேருக்கு இருப்பதாலேயே ஒரு குறை இயல்பாகிவிடுமா?

லேபில் இருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம். ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. பல ரிப்போர்ட்டுகளில் ஆணுக்குக் கீழ் எல்லை 20-க்கு மேல் இருக்கும், பெண்ணுக்கு 10 பக்கம் போட்டிருக்கும். 'ஆரோக்கியமானவர்கள்' என்று கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ரத்தத்தை அளந்துதான் இந்த எல்லைகளை வகுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த பெண்களில் பலருக்கு ஏற்கனவே இரும்பு வற்றியிருந்தால், எல்லையும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் கீழ் எல்லை 15. ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான்.

காப்பி நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள். இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டால் நல்லது.

பால் என்கிறீர்கள், பாலினம் என்கிறீர்கள். ரெண்டும் ஒன்றா?

பேச்சில் கலந்துதான் சொல்கிறோம். குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு, இவை பால். பெண் என்பதால், ஆண் என்பதால் ஊரும் வீடும் ஒருவர் மேல் ஏற்றி வைப்பது பாலினம். நோய்க்கு இரண்டும் வழி.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பீடியைக் கையால் தொடாத பாட்டிகளுக்கு, நாற்பது வருடம் புகைத்தவருக்கு வரும் நுரையீரல் நோய் வந்திருக்கும். விறகடுப்பு. அதில் குரோமோசோமுக்கு வேலையே இல்லை. அடுப்படியில் யார் உட்கார்ந்தார் என்பதுதான் கேள்வி. கடைசியாக மிச்சம் மீதியைச் சாப்பிடுவதும் அப்படித்தான். நம் சேலம் மாவட்டத்தில்தான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. பெண் சிசுவைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகட்டும் என்று. பிறந்த அன்றே ஒரு உயிரின் ஆயுளைப் பாலினம் முடிவு செய்த ஊர் இது. அதை மறந்துவிட்டு மருத்துவத்தில் ஆண், பெண் வித்தியாசம் பற்றிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காதாமே?

அது தப்பு. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் வரும் அறிகுறி. ஆனால் அதோடு சேர்ந்து, சில சமயம் அதை மறைத்துக்கொண்டு, மூச்சுத் திணறல், வாந்தி, தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகின்றன. கேட்பவர் காதில் 'நெஞ்சு' என்ற சொல் விழாமல் போய்விடுகிறது.

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். அவருக்கு அப்போது 58 வயது, சர்க்கரை உண்டு. ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். மார்கழி மாதம். காலையில் பறித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்ததாம். தாடை வலித்திருக்கிறது. அந்தக் குளிரிலும் ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்வை. பிறகு வாந்தி. கூடை தூக்கிய பிடிப்பு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். சாயங்காலம் ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "வாயுத் தொல்லைம்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. அதே வாரம் அதே அறிகுறிகளோடு என் பெரியப்பா போயிருந்தால் எடுத்திருப்பார்கள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

மூன்றாம் நாள் வாசலிலிருந்து அடுப்படி வரை நடக்க முடியவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்துக்குக் கொண்டுவந்து ஈசிஜி எடுத்தால், மாரடைப்பு வந்து நாளாகிவிட்டது என்று தெரிந்தது. உயிர் தப்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. மறுபடியும் அவர் கூடை தூக்கவே இல்லை.

இரண்டு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, சர்க்கரை நோய் இதய நோய்க்கான வாய்ப்பை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிக மடங்கு கூட்டுகிறது. மாதவிலக்கு நிற்கும்வரை இருந்த பாதுகாப்பையும் அது அரித்துவிடும். இரண்டாவது, ட்ரோபோனின். இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். வெகுகாலம் ஆண், பெண் இருவருக்கும் ஒரே எல்லைதான். நுண்ணிய அளவையும் பிடிக்கும் புதிய பரிசோதனைக் கிட்டுகள் வந்த பிறகுதான் பெண்ணின் இயல்பான அளவே குறைவு என்று தெளிவானது. பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் எல்லை லிட்டருக்கு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 நானோகிராம். எடின்பரோவில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தனி எல்லை வைத்துப் பார்த்தபோது மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்கள் 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக ஏறினார்கள். ஆண்களில் 19 சதவீதம் 21 ஆனது, அவ்வளவுதான். அதுவரை பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மலையில் இருப்பவர்களுக்கு: 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புச் சந்தேகம் வந்தால் முதலில் கொடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். சேலத்துக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

டாக்டர்களுக்கே இது தெரியாமல் போனது எப்படி?

அவர்கள் படித்த புத்தகம் அப்படி. அந்தப் புத்தகத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சிகளில் பெண்கள் இல்லை.

வேண்டுமென்றே கெடுதல் நினைத்து ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961-இல் திரும்பப் பெறுவதற்குள் உலகமெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு அனுமதி தராமல் கடைசிவரை பிடிவாதமாக நின்றவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. இருந்தும் அந்தப் பயத்தில் எடுத்த முடிவு வேறு பக்கம் போய்விட்டது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறக்கூடிய வயதிலுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவர், தனியாக வாழ்பவர், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர், இவர்களுக்கும் கதவு மூடிவிட்டது. சோதனைக்கு ஆண், விற்பனைக்கு இருவரும் என்று ஆனது.

ஆஸ்பிரின் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. மாரடைப்பைத் தடுக்குமா என்று 22,071 மருத்துவர்களிடம் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1989-இல் வந்த முடிவு: முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைகிறது. உலகமே மாத்திரையை எடுத்து விழுங்கியது. பெண்களிடம் தனியாக, 39,876 பேரிடம் சோதித்து முடிவு சொல்ல 2005 ஆகிவிட்டது. மொத்தத்தில் பார்த்தால் அவர்களுக்கு முதல் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம்தான் 17 சதவீதம் குறைந்தது. அதே மாத்திரை, வேறு பலன். இடையில் பதினாறு வருடம் பெண்கள் எந்த நம்பிக்கையில் சாப்பிட்டார்கள்? இப்போது இதய நோய் இல்லாதவர்கள் ஆஸ்பிரினைத் தாமாகத் தொடங்கவே கூடாது என்கிறார்கள், ரத்தக்கசிவு ஆபத்தால்.

பெண்களைச் சோதனையில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் போட்ட தடையை 1993-இல் அமெரிக்கா நீக்கியது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதே வருடம் சட்டமும் வந்தது.

ஆராய்ச்சி எலிகூட ஆண் எலிதானாமே?

பெரும்பாலும். பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் சுழற்சி மாறும், முடிவுகள் குழம்பிப்போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2009-இல் வந்த கட்டுரைகளை எண்ணிப் பார்த்தபோது நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் ஐந்தரை என்றால், பெண் விலங்கை மட்டும் வைத்தவை ஒன்று. பிறகு 2014-இல், 293 கட்டுரைகளின் எலிக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெண் எலிகளின் அளவுகள் ஆண் எலிகளைவிட அதிகம் அலைபாயவில்லை. யாரும் சரிபார்க்காத ஒரு சாக்கு பல பத்தாண்டு ஓடியிருக்கிறது. 2016 முதல் அமெரிக்க அரசு நிதி கேட்பவர்கள் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்க வேண்டும்.

மாத்திரை எல்லாருக்கும் ஒரே அளவுதானே கொடுக்கிறார்கள்?

தூக்க மாத்திரை சோல்பிடெம் இருக்கிறதே, அது சந்தைக்கு வந்து இருபது வருடம் கழித்துத்தான், 2013-இல், பெண்களுக்கு 10 மில்லிகிராம் வேண்டாம், 5 போதும் என்று அமெரிக்காவில் பாதியாகக் குறைத்தார்கள். பெண் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது. இரவு போட்ட மாத்திரை காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கும். இந்த மாத்திரை நம் ஊரிலும் கிடைக்கிறது.

டிகாக்சின் என்று இதயத்துக்கு ஒரு பழைய மருந்து. ஒரு பெரிய சோதனையின் கணக்கை 2002-இல் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது, அதைச் சாப்பிட்ட பெண்களிடம் மட்டும் இறப்பு கூடுதலாக இருந்தது. சேர்த்துப் பார்த்தபோது அது கண்ணில் படவே இல்லை. 1997 முதல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற 10 மருந்துகளில் 8, பெண்களுக்கே அதிக ஆபத்தாக இருந்தன என்று 2001-இல் அந்நாட்டுத் தணிக்கைத் துறை எழுதியது. அந்த எட்டில் நான்கு பெண்கள் அதிகம் சாப்பிட்ட மருந்துகள். மற்ற நான்கும் இருவரும் சாப்பிட்டவை.

காரணங்கள் பல. இரைப்பை காலியாகும் வேகம், உடம்புக் கொழுப்பின் அளவு, கல்லீரல் நொதிகள், சிறுநீரகம் வடிகட்டும் வேகம், எல்லாமே சராசரியில் மாறும். இதயத் துடிப்பின் மின்னோட்டத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி பெண்களுக்கு இயல்பாகவே நீளம். சில ஆன்டிபயாடிக், சில மனநல மருந்துகள் அதை இன்னும் நீட்டிவிடும். மருந்தால் வரும் அந்த ஆபத்தான துடிப்புக் கோளாறு பெண்களிடம்தான் அதிகம்.

அப்போ நான் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடலாமா?

கூடாது. பல மருந்துகளுக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. டாக்டரைக் கேளுங்கள்.

கொலுசுப் பட்டறை வேலை பெண்ணுக்குத் தனியாகக் கெடுதல் செய்யுமா?

சேலத்தில் குகை என்ற பகுதியிலிருந்து வரும் பெண்கள் கேட்டது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இது, இதை யாரும் போதுமான அளவு ஆராயவில்லை. தொழில்சார் நோய் ஆராய்ச்சி சுரங்கத்திலும் பெரிய ஆலையிலும் வேலை செய்த ஆண்களைச் சுற்றியே வளர்ந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குப் பற்று வைக்கும் பெண், தொழிலாளி என்ற கணக்கிலேயே வராமல் போய்விடுகிறார்.

வெள்ளியைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடியை உலகமெங்கும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இங்கேதான் ரத்தசோகை உள்ளே நுழைகிறது. உடம்பில் இரும்பு வற்றினால், இரும்பை இழுக்கும் குடல் வாசல்கள் அகலத் திறந்து, அதே வழியில் காட்மியத்தையும் உள்ளே விடுகின்றன. கையில் ஒட்டிய தூசியோடு சாப்பிட்டால் இரும்பில்லாத பெண்ணுக்குள் அது அதிகமாகப் போகும். ஜப்பானின் தொயாமா பகுதியில் ஒரு சுரங்கத்தின் காட்மியம் ஆற்றில் கலந்து, வயலில் ஏறி, சோற்றில் வந்தது. எலும்பு நொறுங்கி 'வலிக்குது, வலிக்குது' என்று கத்த வைத்ததால் அந்த நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்'. அரசு 1968-இல் அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, நடுவயது கடந்த பெண்கள். ஆண்களும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டார்கள்.

உங்கள் பட்டறைப் பொடியில் காட்மியம் இருக்கிறதா என்று வாங்கும் இடத்தில் கேளுங்கள். காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், தொட்டில் கட்டும் அறையில் பற்றவைக்காதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு, சரவாங்கி (முடக்குவாதம்) எல்லாம் பெண்களுக்கே வருவது ஏன்?

உடம்பின் காவல் படை தன் வீட்டையே தாக்கும் நோய்கள் அவை. அந்த மாதிரி நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் பெண்கள். லூபஸ் என்ற நோயில் பத்துக்கு ஒன்பது. ஹார்மோன் ஒரு காரணம். இன்னொன்று குரோமோசோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் ஒன்றை அணைத்து வைக்க 'எக்ஸிஸ்ட்' என்ற ஆர்என்ஏ வேலை செய்கிறது. அதைச் சுற்றி ஒட்டும் புரதங்களையே உடம்பு எதிரி என்று நினைத்துவிடுகிறது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆண் எலிகளை அந்த ஆர்என்ஏவைச் சுரக்க வைத்தபோது, நோயைத் தூண்டும் சூழலில் அவற்றுக்கும் லூபஸ் போன்ற பாதிப்பு வந்தது.

அதே காவல் படையால் நன்மையும் உண்டு. பல தடுப்பூசிகளுக்குப் பெண்களின் உடம்பில் எதிர்ப்புப் புரதம் அதிகம் ஊறுகிறது. ஊசி போட்ட இரவு காய்ச்சலும் கைவலியும் அவர்களுக்கே கூடுதல். கொரோனா காலத்தில் இறந்தவர்களில் ஆண்கள் அதிகம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

எல்லாம் பெண்களுக்கே சொல்கிறீர்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லையா?

நிறைய இருக்கிறது. எலும்புத் தேய்மானத்தைப் பெண்கள் நோய் என்று முத்திரை குத்திவிட்டோம். எலும்பின் அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோருக்கு அளவுகோலே இளம் வெள்ளைக்காரப் பெண்களின் எலும்பு. ஆண்களையும் அதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த ஆண்கள், முறிந்த பெண்களைவிட அதிகம் பேர் ஒரு வருடத்துக்குள் இறக்கிறார்கள். இருந்தும் அறுபது தாண்டிய ஆணுக்கு எலும்பு ஸ்கேன் எழுதிக்கொடுத்து நான் பார்த்தது அபூர்வம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்று ஆண்களுக்கு வருகிறது. கட்டியைத் தொட்டுப் பார்த்தும் வெட்கத்தில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். காசநோய் ஆண்களுக்கே அதிகம், இருமலோடு மாதக்கணக்கில் வேலைக்குப் போவதும் அவர்களே.

ரத்தசோகை ஆண்களுக்கு வந்தால் கூடுதலாகக் கவனியுங்கள். மாதவிலக்கு இல்லாதவருக்கு இரும்பு எங்கே போகிறது? குடலில் கசிவு இருக்கலாம். மூலம் என்று விட்டுவிடாதீர்கள்.

திருநங்கை, திருநம்பி எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

உங்கள் அடையாளத்தை நீங்கள் சொல்கிறபடி எழுதுவோம். அதோடு, ஹார்மோன் எடுத்துக்கொள்கிறீர்களா, எத்தனை மாதமாக என்று தனியாக, மெல்லக் கேட்பேன். தப்பாக நினைக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையில் சில மாதங்களில் ஹீமோகுளோபின் பெண்களுக்கான அளவுக்கு இறங்கும், டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் ஏறும். தசை மாறுவதால் கிரியாட்டினினும் மாறும். எந்த அளவோடு ஒப்பிட வேண்டும் என்று டாக்டருக்கு இது தெரிய வேண்டும். 2008-லேயே திருநங்கையர் நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. லேப் ஃபாரங்கள்தான் இன்னும் இரண்டு கட்டத்தோடு நிற்கின்றன.

என் மகளை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். விடலாமா?

'எலியாக்கிவிடுவார்கள்' என்ற பயம் நியாயமானது. ஆனால் பெண்கள் யாருமே சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்னவை எல்லாம் சாட்சி. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஒவ்வொரு சோதனையையும் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பெண் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரண நபர் ஒருவர் கட்டாயம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் 2009 முதல் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்புதல் தாளைத் தமிழில் கேளுங்கள். எத்தனை பெண்களைச் சேர்க்கிறீர்கள், முடிவைத் தனியாகப் பிரித்துச் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வி அவர்கள் காதில் அடிக்கடி விழ வேண்டும் என்பது என் ஆசை.

கர்ப்பிணிகள் நிலைமைதான் இன்னும் கஷ்டம். கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16-இல் இந்தியாவில் தொடங்கியது. முதல் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் அவர்களுக்குச் சொல்ல ஆதாரம் இல்லை. அனுமதி கிடைத்தது ஜூலை 2-இல். நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடைசி மாதவிலக்குத் தேதி. எத்தனை நாள் போகிறது, எத்தனை துணி மாற்றுகிறீர்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்ததா. வந்திருந்தால் பிள்ளை வளர்ந்து கல்லூரி போன பிறகும் சொல்லுங்கள், பிற்காலத்தில் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது முன்னறிவிப்பு. வலி மாத்திரை, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை எதுவானாலும் சொல்லுங்கள். வலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 'கொஞ்சம் அசதி' என்பதற்குப் பதிலாக, 'போன மாசம் ஒரு மூச்சில் ஏறின மேட்டில் இப்ப மூணு தடவை உட்கார்றேன்' என்று சொன்னால் டாக்டருக்குப் புரியும்.

உங்கள் லேபில் எதையாவது மாற்றினீர்களா?

கிரியாட்டினின் எழுதும் இடத்தில் இப்போது வடிகட்டும் திறனையும் கணக்கிட்டு அச்சடிக்கிறோம். ஆண், பெண் அளவுகளைத் தனித்தனி வரியில் போடுகிறோம். ஃபாரத்தில் கடைசி மாதவிலக்குத் தேதிக்கு ஒரு கோடு, ஹார்மோன் சிகிச்சைக்கு ஒரு கோடு சேர்த்தோம். மலை முகாமுக்கு ஈசிஜி பெட்டியையும் எடுத்துப் போகிறோம். நாற்பது தாண்டிய, சர்க்கரை உள்ள ஒரு பெண் 'வாயு' என்று சொன்னால் முதலில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்துவிட்டு, பிறகுதான் மற்றதைக் கேட்போம். போன தை மாத முகாமில் பெரியம்மாவும் வந்திருந்தார். வரிசையில் நின்ற பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், தன் தோள்பட்டை நடுவில் விரலை வைத்து, "இங்க வலிச்சா சொல்லிப்போடுங்க சாமி, மறைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.